நிலை வைக்காத வீட்டு அத்தைக்கு

நாலு தெருவுக்குக் கேட்கிற குரலுக்குச் சொந்தக்காரரான என் ஆசை அத்தைக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய், வருகிற மாசியோடு ஒரு வருடம். போன இடத்தில் உட்கார நல்ல இடம் கிடைத்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கா கிடைக்காது? வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசியிருப்பீர்கள். அதற்குப் பிறகு வந்து நின்றவர்களிடம், "இங்க ஆள் வருது, அங்குட்டுப் போங்க" என்று சொல்லியும் இருப்பீர்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு இப்போது பஸ் அடிக்கடி வருகிறது. அதனால் கூட்டம் குறைந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸைப் பார்த்ததும் நம் ஜனத்துக்குக் காரைக்குடியில் ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது. புதுக் கண்டக்டர் ஒருவர் வந்திருக்கிறார், துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாதாம். நீங்கள் இருந்திருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே வேறு ரூட்டுக்கு மாற்றல் கேட்டிருப்பார்.

மாமா நன்றாக இருக்கிறார். முட்டி வலிக்கிறது என்கிறார், ஆனால் மரம் இழைக்கிற இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை. உங்கள் சிவப்புத் துண்டு அவரிடம்தான் இருக்கிறது. அது அவருடைய துண்டுதான் என்பது எனக்கும் தெரியும். நீங்கள் இருந்தவரை அது அவர் தோளில் கிடந்து யார் பார்த்தார்கள்? இப்போது குளிக்கப் போகும்போது மட்டும்தான் தோளிலிருந்து எடுக்கிறார். எனக்குத் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், காது கேட்காதவர் போல உள்ளே போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டில் ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பழைய கதையில் தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே.

நான் பள்ளிப் படிப்பை முடித்த வருடம். காரைக்குடியில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா இரண்டு மனதாக இருந்தார். அனுப்பலாமா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் வலையபட்டியிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். நல்ல குடும்பம், சொந்தப் பட்டறை, மாப்பிள்ளைக்குக் கைவேலையும் சுத்தம். குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அண்ணி கைக்குழந்தை செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பூ வைத்துவிட்டாள். கல்யாணம் முடிந்தால் பயிற்சிப் பள்ளிப் பக்கம் தலைகூட வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் சந்தைப் பையோடு நீங்கள் கொல்லை வழியாக வந்தீர்கள். கூடத்தில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தீர்கள். பையை இறக்கி வைத்தீர்கள்.

"இவ எம் மகன் முத்துக்குமாருக்கு. வந்தவுக காப்பி குடிச்சுட்டுப் போங்க, சூடு ஆறிரப் போகுது."

நம் பக்கத்தில் அத்தை வாய்விட்டுப் பெண் கேட்டுவிட்டால் அப்புறம் வேறு யாரும் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். அத்தையாக வேண்டாம் என்று சொல்லும்வரை அந்தப் பெண் அவளுடையவள். அப்பாவோ உங்களுக்கு முன்னால் உட்கார்ந்துகூடப் பேசாத தம்பி.

"மாப்பிள்ளை மிலிட்டரியில இருக்காரே அக்கா. எப்ப லீவுல வருவாரோ?"

"வாரப்ப வரட்டும். எங்க வீட்டுக்கு வாசல் நிலை வேற வைக்கணும். நிலை இல்லாத வீட்டுக்கு மருமகளைக் கூட்டியாற மாட்டேன். அதுவரைக்கும் பிள்ளை வீட்ல சும்மா என்னத்துக்கு இருக்கணும்? காரைக்குடிக்குப் போயிட்டு வரட்டும்."

கடைசியில் சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அன்று முழுக்க அழுதேன். முத்துக்குமார் அத்தான் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவரைப் போல நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. ஆனால் அவர் லீவில் வந்து இறங்கினால் என் படிப்பு அத்தோடு முடிந்தது. போதாக்குறைக்கு உங்களுக்கு மருமகளாக வேறு இருக்க வேண்டும். இந்தக் குரலை ஆயுசு முழுக்கப் பக்கத்திலிருந்து கேட்பதா என்று தலையணையிடம் கேட்டேன்.

மறுமாதமே நான் காரைக்குடிக்குப் போய்வர ஆரம்பித்தேன். சந்தை நாளில் திரும்பும்போதெல்லாம் நீங்களும் அதே பஸ். கூட்டத்துக்கு வெளியிலிருந்து சிவப்புத் துண்டு பறந்து போய் ஜன்னலோர இருக்கையில் விழும். என்னை அதில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் இருக்கிற எல்லோரிடமும் வெண்டைக்காய் விலையைப் பேசிக்கொண்டு வருவீர்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தபடி வருவேன். உங்களைக் கண்டால் எனக்கு ஆகவில்லை அத்தை. ஆனாலும் இருக்கையை விட்டு எழுந்ததில்லை, கூட்டம் அப்படி.

ஊரில் யார் வீடு கட்டினாலும் வாசல் நிலை மாமா கையால்தான். அவர் வீட்டு முன்பக்கத்தை இடித்துக் கட்டியபோது மட்டும் வாசலில் தென்னந்தட்டிதான் சாத்தியிருந்தது. நீங்கள் பெண் கேட்டுவிட்டுப் போன பிறகு மாமா மும்முரமாக நிலை செய்ய ஆரம்பித்தார். முதல் நிலையைச் செய்து சுவரில் சாய்த்து வைத்தார். நீங்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல கணு இருக்கு" என்றீர்கள். அது வேறொரு வீட்டுக்குப் போனது. அடுத்த நிலைக்கு, "உசரம் பத்தாது. மிலிட்டரியில தின்ன தீனிக்கு முத்துக்குமாரு வளந்திருப்பான், தலை இடிக்கும்" என்றீர்கள். இருபத்துமூன்று வயதுக்கு மேல் எவன் வளர்கிறான் என்று மாமா அப்பாவிடம் வந்து புலம்பினார். அந்த நிலையும் போனது.

மூன்றாவது நிலைக்கு மாமா நல்ல வேங்கை மரமாகப் பார்த்து எடுத்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு கிளியாகச் செதுக்கினார். கணு இல்லை, உயரத்துக்கும் குறைவில்லை. அது முடிந்த சமயம் பார்த்து அத்தானும் லீவில் வந்துவிட்டார். எனக்குக் கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

"நிலை நின்னதும் அடுத்த முகூர்த்தத்துலயே தாலி கட்டிரலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

நிலை வைக்கிற நாள் காலையில் உங்கள் வீட்டில் நல்ல கூட்டம். நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருந்தார்கள். தூக்கி நிறுத்த ஆட்கள் தயார். நான் புத்தகத்தோடு ஒரு தூண் ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போது நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தீர்கள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. விடியக்காலம் கனவுல நம்ம தெருமுனைப் பிள்ளையார் வந்தாரு. என் கோயிலுக்கு ஒழுங்கா ஒரு நிலை இல்லையேன்னு கேட்டாரு. இந்தா இருக்கே, எடுத்துக்கோ சாமின்னுட்டேன்."

மாமா கையில் உளியோடு அப்படியே நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"சாமி எங்கிட்டதானே கேட்டாரு?"

கோயிலுக்கு என்று சொன்ன பொருளை யார் திருப்பிக் கேட்பது? அதே ஆட்கள், அதே நல்ல நேரத்தில், பூச்சரத்தோடு நிலையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். ஒரு முனை அத்தான் தோளில். என்னைக் கடந்து போகும்போது அவர் சிரித்த சிரிப்பில் நிலை குலுங்கியது. "சிரிக்காமத் தூக்குடா" என்று மாமா பின்னாலேயே போனார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அத்தான் லீவு முடிந்து வண்டி ஏறினார். வாசலில் தென்னந்தட்டி. நான் பரீட்சை எழுதினேன்.

கடைசித் தாள் எழுதிய அன்று சந்தை நாள். வழக்கம்போலத் துண்டு பறந்தது, நான் உட்கார்ந்தேன், நீங்கள் நின்றீர்கள். அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"அத்தை, எப்பத்தேன் நிலை வைக்கப் போறீக?"

"நீ வேலைக்குப் போன மறுநா."

"அப்பக் கல்யாணம்?"

"யாருக்கு?" என்று கேட்டீர்கள். நான் விழித்தேன். குரலைத் தணித்துப் பேசத் தெரிந்தவர்தான் நீங்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குனிந்து என் காதோரம் சொன்னீர்கள்.

"இத்தனை நாளா இந்தத் துண்டைப் போடுறேனே, நான் ஒக்காரவா போட்டேன்? வேற ஆளு வந்து ஒக்காந்திராம பாத்துக்கிறதுக்குத்தேன். நீ வந்ததும் எடுத்துர்றேன்ல? அதே கணக்குத்தேன் இதுவும்."

இவ்வளவையும் எதற்குச் செய்தீர்கள் என்று தட்டுத் தடுமாறிக் கேட்டேன். படிப்பு பெருசு, பெண்களுக்கு வேலை வேண்டும் என்றெல்லாம் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "சின்னதுலருந்தே நீ படிக்கிறப்ப ஒன் வாய் மட்டும் அசையும். பாக்க நல்லாருக்கும்" என்றீர்கள், அவ்வளவுதான். பிறகு, "எனக்கு ஆசை இல்லைன்னு நெனச்சிராத. நீ எம் மருமகளா வந்தா நான் ஊரைக் கூட்டிக் கொண்டாடியிருப்பேன். ஆனா அதுக்கு நீயா வந்து ஒக்காரணும்" என்றீர்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்களும் வெண்டைக்காய்க்குத் திரும்பிவிட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரியது என்று எனக்கு அந்த வயதில் முழுதாகப் புரியவில்லை. இப்போது புரிகிறது. எனக்கே உங்கள் வீட்டுக்கு வர ஆசை வந்து, நானே வந்து கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் அத்தை?

சொன்னபடியே நான் வேலையில் சேர்ந்த மறுநாள் நிலை நின்றது. சாதாரண நிலை, அதில் கணுவும் இருந்தது. மாமா காட்டியும் நீங்கள் கண்டுகொள்ளவில்லை. அத்தானுக்குப் பரமக்குடியில் பெண் எடுத்தீர்கள். அந்த நிலையைத் தாண்டிப் புதுப்பெண்ணாக அந்த அக்கா உள்ளே வரும்போது ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்தீர்கள். எனக்கும் பிறகு காரைக்குடியில் ஒரு நல்ல மனிதர் அமைந்தார்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அண்ணி இடுப்பில் இருந்த செல்வி இப்போது பள்ளியை முடித்துவிட்டாள். மதுரையில் நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும் என்கிறாள். அண்ணன் இரண்டு மனதாக இருக்கிறான். அப்பாவுக்கு இருந்த அதே இரண்டு மனம்தான், வேறெங்கிருந்து வந்திருக்கும்? அதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். செல்வி எனக்குச் சொல்லி அனுப்பவில்லை, அண்ணிதான் சொல்லி அனுப்பினாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போனேன். கொல்லை வழியாகத்தான் போனேன் அத்தை. பையை இறக்கி வைத்தேன்.

"செல்வி எங்களுக்கு. எங் கொழுந்தன் சேகருக்கு. வந்தவுக காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு சத்தம்.

செல்வி கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். இன்னும் கொஞ்ச நாளைக்கு என்னோடு பேசமாட்டாள், பரவாயில்லை. வடக்கே வேலை பார்க்கிற சேகருக்கே இது இன்னும் தெரியாது. தெரிந்தால் அத்தானைப் போலச் சிரித்துவிட்டுப் போவான் என்றுதான் நம்புகிறேன்.

வந்தவர்கள் போன பிறகு அண்ணன் அப்பாவைப் பார்த்தான். மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, சில நேரம் என்னையே யார் என்று கேட்கிறார். அன்றைக்குக் கண் தெளிவாக இருந்தது.

"ஒங்க வீட்ல வாசல் நிலை வச்சாச்சா?" என்று கேட்டார்.

எங்கள் காரைக்குடி வீட்டில் நிலை வைத்த அன்று அப்பாதான் முதல் பூவை வைத்தார், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.

"அவசரமில்ல. மெதுவா வையி" என்று சொல்லிவிட்டு, செல்வியைக் கூப்பிட்டு, மதுரைக்கு எந்த பஸ் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

அப்பாவுக்கு எப்போதிலிருந்து தெரியும் அத்தை? நீங்கள் சொன்னீர்களா, அவராகக் கண்டுகொண்டாரா?

செல்வி வந்து உட்காரும்வரை துண்டை நான் எடுக்கமாட்டேன். அவள் வந்ததும் ஒரு நிமிடம்கூட அதை அங்கே விட்டு வைக்கவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் தம்பி மகள்,
செல்வியின் அத்தை,
வள்ளி