காற்று உடைத்தது பதினொன்று

வடக்குப்பட்டு
கார்த்திகை 25, வியாழக்கிழமை

அன்பு மகன் லோகேஷுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சோறு இறங்குகிற அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், அந்தப் போலந்துக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். அம்மாவுக்கு முட்டிவலி போன மாதத்தைவிடப் பரவாயில்லை, நீ அனுப்பிய களிம்பைத் தடவிக்கொண்டு ஊர் முழுக்கப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். நாலு நாளைக்கு ஒருமுறை போனில் பேசுகிறவர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். ரூம் கட்டிய லோன் உன் பேரில் இருப்பதால் இன்ஷூரன்ஸ் பாலிசியும் உன் பேரில்தான் இருக்கிறது, படிவத்தில் நீ பேனாவால் போட்ட கையெழுத்து வேண்டுமாம், அதனால் கூரியரில் போகிற கவருக்குள் இதையும் வைக்கிறேன். அது ஒரு காரணம். இன்னொன்று, உன் போன் வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள். இதை அவள் கேட்கக்கூடாது. கூட இருக்கிற பையன்கள் வேலைக்குப் போனபிறகு தனியாக உட்கார்ந்து படி.

புயல் அடித்த மறுநாள் உனக்கு வீடியோவில் காட்டினேன் அல்லவா, வாடகைக்கு விட்டிருக்கிற நம் ஆறு ரூமில் ஏரிப் பக்கம் இருக்கிற நாலு, அஞ்சு, ஆறு இந்த மூன்று ரூமுக்குத்தான் சேதம். சில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்துபோய் வயலில் கிடந்தது, சிலது போல்ட்டோடு விரிந்து தொங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று ரூமில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, நல்ல ஆளாகப் பார்த்து வேலையைக் கொடுத்துவிடலாம் என்று தேடினேன். நல்ல ஆள் என்றால் யார் என்று தேடும்போதுதான் தெரிகிறது அது எவ்வளவு கஷ்டம் என்று. ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து ஒருத்தர் வந்தார், வண்டியிலிருந்து இறங்கவே இல்லை, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கூரையை அண்ணாந்து பார்த்து ஒரு ரேட்டைச் சொன்னார். இரண்டாவது ஆள் நன்றாகப் பேசினான். மொத்தக் கூரையையும் புயல் கணக்குல ஏத்திக்கலாம் சார், ஆறு ரூமுக்கும் புது கலர் ஷீட்டு, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கோ, மீதிய நான் பாத்துக்கறேன் என்றான். தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புப்பா என்று அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் இதையெல்லாம் உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். உங்களுக்கு ஏத்த ஆளு நம்ம உதயாதான் நைனா, அவன அனுப்பறேன் என்றாய். எனக்கும் மனசு குளிர்ந்தது. உன்னோடு பள்ளிக்கூடம் போன பையன், நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், அவன் கூரை வேலை காண்ட்ராக்ட் எடுப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

உதயசூரியன் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியில் வந்து நின்றான். அதைப் பார்த்ததுமே என் மனசில் பாதிச் சந்தேகம் போய்விட்டது, அதுதான் நான் செய்த தப்பு. மாலை போட்டவன் நாற்பது நாள் பொய் பேசமாட்டான், ஒருத்தர் வயிற்றில் அடிக்கமாட்டான் என்று நாம் நம்பி வளர்ந்துவிட்டோம். வந்தவன் ரேட்டைப் பேசாமல் முதலில் ஏணியைத்தான் கேட்டான். மேலே ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, பதினொண்ணு சாமி, மீதி நல்லா கீது, சும்மா கை வைக்க வேணாம் என்றான். நானும் எண்ணி வைத்திருந்தது பதினொன்றுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அம்மா மறுநாளிலிருந்து விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டுச் சமைத்து, அவனுக்குத் தனி இலை போட்டு, வேண்டுமா வேண்டுமா என்று கேட்டு வைத்தாள். நான் வல்லக்கோட்டைக்குப் போய் முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன், யோக்கியமான ஆளைக் காட்டிக்கொடுத்தாயே சாமி என்று.

அப்புறம் நீ போன் செய்து, பேங்கில் பாலிசி காப்பி வாங்கவேண்டும், நேரில் போனால்தான் தருவார்கள், புதன்கிழமை போங்க நைனா, அன்னிக்குத்தான் மேனேஜர் இருப்பாரு என்றாய். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எவ்வளவு அக்கறையாக ஞாபகப்படுத்துகிறான் பார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறினேன். பேங்கில் அந்த மேனேஜர், உங்க பையனுக்கு மெயில்ல அனுப்பி நாலு நாளாச்சே சார், எதுக்கு அலையறீங்க என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வேலை மும்முரத்தில் மெயிலைப் பார்த்திருக்கமாட்டான் என்று உனக்காக அவரிடம் நானே சமாதானம் சொன்னேன் லோகேஷ். மத்தியானம் வீடு திரும்பினால் இரண்டாம் நம்பர் ரூம் வாசலில் சுடலைக்கண்ணு தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு உட்கார்ந்திருக்கிறான். திருநெல்வேலிப் பையன், நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தவன். மேல நின்னு சுத்தியல வச்சு அடிக்கான் அண்ணாச்சி, ஒரு சில்லு என் மூஞ்சிக்குப் பக்கத்துல வந்து விழுந்துச்சு, கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தா எம் பிள்ளைய நான் பாத்திருக்கவே மாட்டேன் என்றான். அவனுக்கு ஊரில் போன மாதம்தான் குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

ஏணியைப் போட்டு நானே ஏறினேன், இந்த வயசில் ஏறக்கூடாது என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தும் ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று ரூமிலும் சேர்த்துப் பதினாறு ஷீட் உடைந்து கிடந்தது. பிரேக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் குவாலிட்டியில் இருந்தவனுக்கு எது தானாக உடைந்தது எது உடைத்தது என்று தெரியாதா. காற்று ஷீட்டை உடைத்தால் போல்ட் ஓட்டையிலிருந்து கிழித்துக்கொண்டு போகும், நடுமுதுகில் ஒரு கை நுழைகிற மாதிரி பள்ளம் போடாது. புயலில் உடைந்த விளிம்பெல்லாம் மழை குடித்துக் கறுத்துவிட்டது, இது அப்போதுதான் அரிசி மாவு மாதிரி வெளுத்துக் கிடந்தது. இறங்கி வந்தால் உதயசூரியன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை சாமி என்றுகூடக் கூப்பிடவில்லை. மாலையைத் தொட்டுக்கினு சொல்லுடா, இது இன்னா வேலை என்று கேட்டேன். அவன் ஈரக்கையோடு மாலையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. மால போட்டுக்கினு பொய் சொல்லமாட்டேன் சாமி, ஒடச்சது நான்தான், ஒடைக்கச் சொன்னது லோகேசு, நீங்க கேக்காத வரைக்கும் வாயத் தெறக்க வேணாம்னு இருந்தேன், அதுவும் தப்புதான் என்றான். நான் நம்பவில்லை. என் பிள்ளை பேரை இழுக்கிறாயா என்று அடிக்கவே கையை ஓங்கிவிட்டேன். அதற்கப்புறம்தான் போனை எடுத்து நீ பேசி அனுப்பியதைப் போட்டுக் காட்டினான்.

உன் குரல்தான். மச்சான், ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் எல்லாத்தையும் தட்டிடு, புயல் கணக்குல போயிடும், புதன்கெழம நைனாவ பேங்குக்கு அனுப்பிடறேன், அவரு இருந்தாருன்னா ஷீட்டுக்கு ஷீட்டு ரெட் டேக் கட்டிக்கினு நிப்பாரு. அப்புறம் ஒரு சிரிப்பு. சொன்னதைக்கூட ஜீரணித்துவிடுவேன் போலிருக்கிறது, அந்தச் சிரிப்பை முடியவில்லை. கழித்த சாமானில் கட்டுகிற அந்தச் சிவப்புச் சீட்டு உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத்தானே தெரியும். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என் சட்டைப் பையிலிருந்து ஒன்றை உருவி, அம்மா சுட்ட கருகின தோசையில் குத்தி, இது ரிஜெக்ட் என்று எதிரில் வைத்தாய். அவள் கரண்டியோடு உன்னைத் துரத்தினாள், நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் வேலையை என் பிள்ளை மதிக்கிறான் என்று அன்றைக்கு நினைத்தேன். இத்தனை வருஷமும் அதை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். இப்போது சொல் லோகேஷ், எந்த நாளிலிருந்து நான் உனக்கு ஊருக்கு அனுப்பிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளவேண்டிய ஆளாகிப்போனேன்?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஷீட் போட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது, வெயில் காலத்தில் உள்ளே இருக்கமுடியவில்லை, வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறோம், எல்லாரும்தான் செய்கிறார்கள், நைனா ஏணி ஏறி ஒட்டுப் போடுவது எத்தனை நாளைக்கு. எங்கள் நல்லதுக்குத்தான் செய்தாய், அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அதோடு போயிருக்கும். நீ கேட்கவே இல்லை. கூரையை உடைக்க ஒருத்தனை வைத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கம் இல்லாமல் இருக்க ஒரு நாளையும் குறித்தாய். கீழே ஒருத்தன் தூங்குவான் என்பது உனக்கும் தோன்றவில்லை, மேலே நின்றவனுக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமை மறுபடி மழை பிடித்தது, புயலுக்கே ஒழுகாத மூன்று ரூமிலும் தண்ணீர் கொட்டியது. தார்ப்பாய் போட்டும் நிற்கவில்லை. அங்கே குடியிருக்கிற பிள்ளைகள் எட்டுப் பேரும் நம் ஹாலில்தான் படுத்திருக்கிறார்கள், அம்மா அலுக்காமல் கஞ்சி காய்ச்சிப் போடுகிறாள்.

இன்ஷூரன்ஸிலிருந்து சர்வேயர் திங்கட்கிழமை வந்தார். அவர் ஏணியில் காலை வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், காற்று உடைத்தது பதினொன்று, மீதிப் பதினாறும் எங்கள் ஆள் உடைத்தது, அதை எழுதாதீர்கள் என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்படிச் சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன் சார் என்று சொல்லிவிட்டுப் பதினொன்று என்று எழுதிக்கொண்டு போனார். கவரில் வைத்திருக்கிற படிவத்திலும் அதுதான் இருக்கிறது, ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அந்தப் பதினாறுக்கு ஆகிற செலவு என் பி.எஃப். பணத்திலிருந்து போகட்டும். வேலையை உதயசூரியனுக்கே கொடுத்துவிட்டேன். ஆச்சரியப்படாதே. செய்தது தப்புதான், ஆனால் கேட்டதும் மறைக்காமல் சொன்னான், இத்தனை நாள் தேடியதில் அந்த அளவுக்கு யோக்கியமான ஆள் எனக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. அந்தப் பதினாறுக்கும் கூலி வாங்கமாட்டேன் என்று அவனாகவே சொல்லிவிட்டான்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். சுடலைக்கண்ணு சொல்லி அம்மாவுக்கு ஷீட்டை உடைத்தது யார் என்று தெரிந்துவிட்டது, நாங்கள் பேசியது அவள் காதில் விழாததால் உடைக்கச் சொன்னது யார் என்று தெரியாது. குழாயடியில் அவன் மூஞ்சிக்கு நேராக நின்று, குளிச்சி முழுகி உனக்குப் பொங்கிப் போட்டேனே, சாமி வேசம் கட்டிக்கினு சோறு போட்ட வூட்டுக் கூரைய ஒடச்சியே, உன் மலை உன்ன ஏத்துக்குமா, இனிமே இந்த வூட்ல உனக்குப் பச்சத்தண்ணி கெடையாது என்று வாய்க்கு வந்தபடி சாபம் விட்டாள். அவன் ஒரு தரம் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனும் உன் பேரைச் சொல்லவில்லை. மாலை போட்டவன் ஒருத்தன் உனக்காகச் சாபம் வாங்கிக்கொண்டு நிற்கிறான், பொய்யே சொல்லாத குவாலிட்டி நாகப்பன் பக்கத்தில் ஊமையாக நிற்கிறான். அன்றிலிருந்து அவன் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்துக்கொண்டு, மத்தியானம் பசியோடு நம் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறான். எனக்குச் சோற்றில் கை வைக்கவே கூசுகிறது.

அவன் இருமுடி கட்டுவது மார்கழி பத்தாம் தேதி. ஒரு பெண்பிள்ளையின் சாபத்தைத் தலையில் சுமந்துகொண்டு அவன் மலை ஏறக்கூடாது. நானே அம்மாவிடம் சொல்லிவிடலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் என் வாயால் உன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, அதை நீதான் சொல்லவேண்டும். இந்தக் கவர் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்கிறார்கள். மார்கழி ஆறு, ஞாயிற்றுக்கிழமை, இங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போன் செய். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்காருவாள்.

குளிர் அதிகமானால் காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள், ஓவர்டைம் வேண்டும் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் இன்றைக்கோ நாளைக்கோ ஆறாது, அதற்காக உன் கால் ஜில்லிட்டுப் போகவேண்டும் என்று எந்த அப்பனும் நினைக்கமாட்டான். முருகன் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாற்றட்டும், நல்ல புத்தியோடு நீண்ட ஆயுசோடு இரு. அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு உதயசூரியனை வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். அம்மா அவனுக்கு இலை போடுவாளா மாட்டாளா என்பது உன் வாயில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நைனா
நாகப்பன்