‘ஆம்’ என்று நான் சொன்ன சிப்

ஓகஸ்ட் 3
வவுனியாவிலிருந்து தங்கச்சி மகள் றிஸ்பா போனில் கோல் எடுத்தாள். கம்பஸில் அவளுக்குக் கடைசி வருசம். எங்கள் முல்லைத்தீவு மீன் குளிரறையின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற சின்னப் பெட்டிக்குள், வவுனியாவில் இருந்தபடியே திறப்புப் போட்டு நுழைகிற மாதிரி ஒரு புரோகிராம் செய்கிறாள். வேறு எவனும் நுழைய ஏலாதாம்.

“பெட்டி சின்னது மாமா, அதுக்குள்ள வச்சுச் செய்ய ஏலாது. என்ர லப்டொப்பில செய்து அனுப்புவன். ஆனா அந்தச் சிப்புக்கு விளங்கிற மாதிரிச் செய்யோணும். ஆம் எண்டு ஒரு சாதி, மிப்ஸ் எண்டு ஒரு சாதி. பெட்டியைத் திறந்து எந்தச் சாதியெண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்து “ஆம்” என்றேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், தங்க எழுத்து என்றும் சேர்த்துவிட்டேன்.

பெட்டியை நான் தொடவே இல்லை. திறந்தால் திரும்பப் பூட்ட வராது. ஆம் நல்ல சொல்தானே, பிழைக்காது.

ஓகஸ்ட் 5
சிறாஜின் தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினேன். பாதி வேலை என்னுடையது என்றேன். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் போனதாகவும் சொல்லிப்போட்டேன்.

“மஹ்றூப் காக்கா, அடுத்தது ரொக்கட்டோ?” என்றான் சிறாஜ்.

“முதல்ல உன்ர கேத்தில் ஒழுகிறதைப் பாப்பம்” என்றேன். ஒரே சிரிப்பு.

ஓகஸ்ட் 11
றிஸ்பா அனுப்பியதை அவள் சொன்னபடி பெட்டிக்கு ஏற்றினேன். சிவப்பாக ஒரு இங்கிலீஷ் வரி வந்தது. போனில் அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசித்தேன். திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னாள். பிறகு,

“வேற சிப்புக்குச் செய்ததெண்டால்தான் மாமா இந்தப் பிழை வரும். வடிவாப் பாத்தனீங்களோ? ஆம்தானே?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் என்ன சொன்னது? “இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தனான் மகள்.”

“அப்ப என்னிலதான் பிழை.”

ஓகஸ்ட் 14
திரும்பவும் புதிதாகச் செய்து அனுப்பினாள். ஏற்றினேன். அதே சிவப்பு வரி.

ஓகஸ்ட் 17
றிஸ்பாவின் உம்மா, என் தங்கச்சி நஸ்மியா வந்தாள். “பிள்ளை சாப்பிடுறாளில்லை காக்கா. வெள்ளிக்கிழமை கம்பஸ் சேருக்கு ஓட விட்டுக் காட்டாட்டி இந்த வருசம் பாஸ் இல்லையாம். தனக்கு மூளை காணாதெண்டு அழுறாள். நீங்கதானே அவளோட சேந்து செய்யிறீங்க, ஒருக்காத் தைரியம் சொல்லுங்கோவன்.”

நான் சேர்ந்து செய்கிறேனாம். யார் சொன்னது? நான்தான், ஊர் முழுக்க.

அந்தப் பிள்ளைக்கா மூளை காணாது? யா அல்லாஹ்.

ஓகஸ்ட் 18
திறந்தேன். மூடி சும்மா கழன்று வந்தது — இதுக்கா இவ்வளவு நாளும் பயந்தனான்?

மிப்ஸ்.

இடி விழுந்து சிப் மாற்றினோம் என்று நல்ல கதை ஒன்று நாக்கு நுனியில் நின்றது. போனில் பாதி எழுதியும் விட்டேன். அழித்தேன். சிப்பின் படத்தை அனுப்பி, கீழே “நான் அண்டைக்குத் திறக்கவே இல்லை மகள்” என்று போட்டேன். நீலச் சரி விழுந்தது, வாசித்துவிட்டாள்.

ஓகஸ்ட் 19
பதில் இல்லை. சிறாஜின் கடைப் பக்கம் போகவில்லை.

ஓகஸ்ட் 20
புது ஃபைல் வந்தது. கூடவே “ஏத்துங்கோ” என்று ஒரு சொல். மாமா என்று இல்லை. ஏற்றினேன். சிவப்பு வரி வரவில்லை.

ஓகஸ்ட் 23
சேருக்குக் காட்டிப்போட்டாளாம். நஸ்மியா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

செப்டெம்பர் 2
பின்னேரம் சிறாஜின் கடையில் இருக்கும்போது கோல் வந்தது. றிஸ்பா!

“மாமா, குளிரறைக் கதவு பூட்டினீங்களோ?”

மாமா என்றாள். சந்தோசத்தில் வாய் முந்திவிட்டது. “பூட்டிப்போட்டன் மகள். கதவடியிலதான் நிக்கிறன்.”

“நான் இஞ்ச வவுனியாவில இருந்தே பெட்டிக்குள்ள நிக்கிறன் மாமா. சூடு ஏறிக்கொண்டிருக்கு.”

போனைக் காதில் பிடித்தபடி, இடுப்புச் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “கடையில இருந்தனான் மகள், இப்பதான் ஓடுறன்” என்றேன். கதவு அகலத் திறந்து கிடந்தது. இழுத்துப் பூட்டினேன்.

“பூட்டிட்டன்.”

“பொறுங்கோ.”

சூடு இறங்கத் தொடங்கும்வரை அவளும் கோலை வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை.