தப்பாகக் காட்டும் ஜிபிஎஸ் வேண்டும்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடம் உண்டு, குடை இல்லை. என் கிளாஸ் ரெஜியின் குடையை வெள்ளிக்கிழமை நான்தான் ஒளித்து வைத்தேன். எங்கே என்று மறந்து போயிற்று. இரண்டு பேரும் நனைந்தோம். அவள் என்னுடன் பேசவில்லை, பிசிக்ஸ் பீரியட் வரை.

சாயங்காலம் அப்பா ஒரு வேலை தந்தார். ஜிபிஎஸ் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கையில் பிடிக்கிற வகை. வேட்டைக்கு.

"எட்டி ஷைனி, உனக்குத்தான் இந்த வகையெல்லாம் தெரியும். நல்லதா ஒண்ணு பாத்து வை. அப்பனுக்க மானம் அதிலயாக்கும் இருக்கு."

அம்மா அடுக்களையிலிருந்து: "அவகிட்டயா சொல்லுகிய? உங்க போன் அலாரத்துல பன்னி உறுமுகத வச்சவளாக்கும் அவ."

அப்பா சிரித்தார். அன்று கட்டிலிலிருந்து குதித்ததையும் நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே அதிசயம்.

பிற்காலத்தில் நானே வாசித்தாலும் விளங்க வேண்டுமே, வரிசையாக எழுதி வைக்கிறேன்:

1. அப்பா பஞ்சாயத்துப் பட்டியலில் உள்ள துப்பாக்கிக்காரர். மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்ன வரும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி உண்டு. கேரளத்துக்குள் மட்டும். சுட்டதைப் புதைத்துவிட வேண்டும். (கறி கிடையாது. ஊரே அழுதது.)

2. எங்கள் மரச்சீனி விளைக்குப் பின்னால் ஞானதாஸ் அண்ணனின் ரப்பர் தோட்டம். பாதி கேரளம், பாதி தமிழ்நாடு. அண்ணன் இரண்டு பக்கமும் நிலவரி கட்டுகிறார். எல்லைக் கல் இரண்டு உண்டு, நடுவே ஒரு மேடு, ஒரு கல்லுக்கு மற்ற கல் தெரியாது. அதனால் வார்டு மெம்பர் சொல்லி அப்பா நடுவில் பதினொரு மரங்களில் மஞ்சள் நைலான் கயிறு கட்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பன்றியைச் சுடக்கூடாது.

3. மே மாதக் கடைசியில் ஒருத்தி அந்தப் பதினொரு கயிற்றையும் அவிழ்த்து நான்கு வரிசை தமிழ்நாட்டுப் பக்கம் தள்ளிக் கட்டினாள். காலையில் ரப்பர் பால் வெட்ட வரும் ஞானதாஸ் அண்ணனிடம், "அண்ணே, உங்க நாலு வரிசை மரம் ராத்திரியோட கேரளத்துக்கு வந்துட்டு, தெரியாதா?" என்று கேட்பதற்காக. மறுநாளே திரும்பக் கட்டிவிடுவதாக எண்ணம். மூன்று நாள் மழை, பால்வெட்டு இல்லை, அண்ணன் வரவில்லை. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. மறந்து போனாள்.

4. போன வியாழன் விடியும் நேரத்தில் அப்பா ஒரு பன்றியைச் சுட்டார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற பன்றி. ஒரே வெடி. அங்கேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

மூன்றாவதில் வரும் ஒருத்தி நான்.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கணக்கு டெஸ்ட் 20க்கு 11.

ஊரில் பேச்சு முற்றிவிட்டது. குழி தமிழ்நாட்டுக்குள் கிடக்கிறது என்று யாரோ அந்தப் பக்கத்து வனத்துறைக்குப் போன் செய்துவிட்டார்கள். அங்கே நம்முடைய அனுமதி செல்லாது. குழி அவர்கள் பக்கம் என்று தெரிந்தால் அப்பா மேல் கேஸ், துப்பாக்கி லைசென்ஸ் போகும். சனிக்கிழமை இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து அளக்கிறார்கள்.

பனச்சமூட்டில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க அப்பாவின் பைக்கில் போனேன். சாயாக்கடையில் ஒரே கூத்து.

"எலே ஸ்டீபா, சுடுகதுக்கு முன்னே பன்னிக்க ஆதார் கார்டு கேக்கப்பிடாதாடே?"

"உறுமுனப்பமே தெரிஞ்சிருக்கணும். தமிழா மலையாளமான்னு."

"ரேஷன் கார்டு எங்க உண்டோ அங்கத்த பன்னி!"

அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். வேறு நாளாக இருந்தால் இந்த மூன்றைவிட நல்லதாக ஆறு நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். பெஞ்சு மூலையில் ஞானதாஸ் அண்ணன் மட்டும் சிரிக்காமல் இருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஸ்டீபா, கோவிச்சுக்கப்பிடாது. கயிறு கொஞ்சம் தமிழ்நாட்டுப் பக்கம் தள்ளிக் கெடக்கோன்னு எனக்கொரு தோணல்."

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். "நான் கெட்டுன கயிறு ஒரு சாணு மாறாது, கேட்டியா? சனியாழ்ச்சை மெஷின் வச்சு காட்டித் தாறேன்."

வரும் வழியில் அப்பாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

போனில் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். எங்கள் வீட்டில் போன் முற்றத்தில் கேரளம், அடுக்களையில் தமிழ்நாடு. அப்பம் சுடுவதற்குள் இரண்டு தடவை 'நல்வரவு' மெசேஜ் வந்துவிடும். குழியருகே நின்றால் நீல வட்டம் பாதி அங்கே, பாதி இங்கே.

இரவு தேடியது:

அ. தொடுதிரை. இரண்டு அலைவரிசை. மரத்தடியிலும் மூன்று மீட்டருக்குள் சரியாகக் காட்டும்.

ஆ. பழைய மாதிரி. பொத்தான். பென்டார்ச் பேட்டரி இரண்டு. கீழே ஒரு மனுஷன் எழுதியிருக்கிறான்: 'மரக்கூட்டத்துக்குள் முப்பது மீட்டர் வரை அலைகிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.'

இ. வேட்டை நாயின் கழுத்துக்குச் சேர்த்து ஒன்று. எங்கள் நாய் பன்றியைக் கண்டால் நெல் பத்தாயத்துக்கு அடியில் போய்விடும். வேண்டாம்.

நான் கயிற்றைத் தள்ளியது 27 எட்டு (காலடி). என் எட்டுக்கு சுமார் 18, 20 மீட்டர். ஆ தப்பாகக் காட்டுவது 30 வரை.

20ஐ விட 30 பெரிது. இந்த வருடம் கணக்கில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை, புழுக்கம். ரெஜியின் குடை கிடைத்தது, கெமிஸ்ட்ரி லேபில். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயில் இருந்த மிட்டாயைக் கையில் எடுத்துவிட்டாள்.

"சொல்லிருட்டி. இன்னைக்கே சொல்லிரு."

"சொன்னா?"

"அடி கிட்டும். அவ்வளவுதானே?"

அடி என்றால் பரவாயில்லையே.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அப்பா நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெண் பார்க்கப் போனவர் மாதிரி ஒரே விசாரணை.

"இது எத்தனை சாட்டிலைட்டு பிடிக்கும்?"

"நம்ம சபையில ஓய்வுநாள் பாடசாலைக்கு வருகதை விடக் கூடுதல்."

"மழை நனைஞ்சா?"

"ஒண்ணும் ஆகாது."

"எல்லாம் செரி மக்கா. இதுல எது பொய் சொல்லாது?"

ஆ மேல் விரல் வைத்தேன். காரணமும் சொன்னேன். ஈரக் கையில் தொடுதிரை வேலை செய்யாது, பொத்தான் செய்யும். பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். கீழே விழுந்தாலும் உடையாது. எல்லாமே உண்மை. உண்மைகளை அடுக்கி வைத்தே ஒரு பொய்யைக் கட்டிவிட்டேன். நான் இதற்கு முன் கட்டிய எல்லாப் பொய்களையும்விட உறுதியானது.

"பாத்தியா," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "விவரம் உள்ள பிள்ளையாக்கும்."

துணிந்து ஒரு நூல் விட்டுப் பார்த்தேன். "அப்பா, ஒருவேளை கயிறு எடம் மாறியிருந்தா?"

"கயிறுக்கு காலு உண்டா?"

அதோடு சோறு.

ஜூன் 12, வியாழன்

அப்பா பஸ்ஸில் திருவனந்தபுரம் போய் வாங்கி வந்துவிட்டார். சர்வே சாமான் விற்கிற கடை. கடைக்காரன் கேட்டானாம், எங்கே உபயோகிக்க என்று. ரப்பர் தோட்டம் என்றதும், "எங்கில் மற்றேது எடுக்கு சேட்டா, இது மரத்தின்றெ அடியில் சரியாவில்ல" என்றானாம். மரத்தடிக்கு மற்றதுதான் சரியாம்.

"நான் சொன்னேன், 'மோளு பாத்து வச்சது இதாக்கும், இதையே எடு'ன்னு. விலை கூடுதலா உள்ளதைத் தலையில கெட்டப் பாக்கான் திருட்டுப்பய."

ஜெயித்துவிட்ட முகம். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். இரண்டு செம்பு.

முற்றத்தில் திறந்த வானத்தில் வைத்தார். ஒரு நிமிஷத்தில் நின்றது. மூன்று மீட்டர். அப்பா அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடியும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பொத்தானை அமுக்கி அமுக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, வீட்டுக்குப் பெயர் போட்டார். அரைமணி நேரம். 'வீடு' என்று போடுவதற்குத்தான்.

"ரெண்டு பக்கத்துக்காரனும் வரட்டு," என்றார்.

ஜூன் 13, வெள்ளி

அப்பா கொல்லயில் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனார். பள்ளிக்கூடம் விட்டதும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ரப்பருக்குள் போனேன். அட்டைக்கடி மூன்று.

குழிமேல் நின்றேன். மண் இன்னும் மெத்தென்று இருந்தது. திரையில் அம்பு கேரளத்தில் நின்றது. நகர்ந்தது. தமிழ்நாடு. மறுபடி கேரளம். பிழை 9, 16, 24. நான் அசையவே இல்லை. இந்த மெஷினைப் போல மனசு மாறுகிற ஆளை நான் பார்த்ததில்லை. முத்தம் கொடுத்தேன்.

பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன்: பத்து நிமிஷம்.

அப்புறம் தோன்றியது, அவர்களும் ஒன்று கொண்டு வருவார்களே.

கயிற்றை இப்போது திரும்ப மாற்றிக் கட்டவும் முடியாது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள், படம் எடுத்துவிட்டார்கள். மாற்றினால் அப்பாதான் ராத்திரியில் மாற்றினார் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பா மேல்தான் போய் இடிக்கிறேன்.

ஜூன் 14, சனி

தூறல். ஒன்பது மணிக்கு வந்தார்கள். கேரள ஃபாரஸ்ட் கார்டு இரண்டு பேர், தமிழ்நாட்டிலிருந்து மூன்று பேர், மெம்பர், ஞானதாஸ் அண்ணன். அப்பா சபைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். ரப்பர் தோட்டத்துக்கு வெள்ளைச் சட்டை. அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

முதலில் நம்முடைய மெஷின் பார்க்கட்டும் என்றார் மெம்பர். அப்பா குழிமேல் நின்று கையை நீட்டிப் பிடித்தார். அம்பு ஆடியது.

"சேட்டா, அனங்காதெ நில்லு," என்று அசையாமல் நிற்கச் சொன்னார் கேரள கார்டு.

"அனங்கல்ல சாரே."

தமிழ்நாட்டு ஆபீசர் எட்டிப் பார்த்தார். "ஐயா, அது நிலைக்கு வரலையே."

"வரும் சார். கொஞ்சம் நேரம் குடுக்கணும். மக தேடிப் பாத்து எடுத்ததாக்கும்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா கையைத் தலைக்கு மேலே தூக்கினார். மரத்துக்கு மரம் இடைவெளி பார்த்து ஒரு அடி நகர்ந்தார். மறு அடி. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. கை ஓய்ந்ததும் மற்றக் கையால் தாங்கிப் பிடித்தார். இருபது நிமிஷம். கேரள கார்டு ஒருவர் பீடி பற்ற வைத்தார். எனக்குச் சொல்ல இருந்தது ஒரு வாக்கியம்தான். நான்தான் மாற்றிக் கட்டினேன். மூன்று வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"எட்டி, நனையாதே, வீட்டுக்குப் போ," என்றார் ஞானதாஸ் அண்ணன்.

மூடிக்கொண்டேன்.

ஆபீசர் தன் பையிலிருந்து அவருடையதை எடுத்தார். அரை நிமிஷம். கேரள கார்டும் தன்னுடையதை வைத்தார். இரண்டும் ஒன்றையே காட்டின. எல்லையிலிருந்து பதினெட்டு மீட்டர் உள்ளே. தமிழ்நாடு.

அப்பா இன்னும் கையைத் தாழ்த்தவில்லை.

"புது மெஷின் சார் இது. எடம் பழகணும்."

யாரும் சிரிக்கவில்லை. சாயாக்கடையில் அத்தனை சிரித்த ஊர். இதற்கும் சிரித்திருக்கலாம்.

மெம்பர் மெதுவாகக் கேட்டார். "கயிறு நீரு கெட்டுனதுதானே ஸ்டீபா?"

"ஆமா. நான் கெட்டுனதுதான்."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். அப்பா பெயர் பட்டியலிலிருந்து போகும். திங்கட்கிழமை துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கேஸ் பிறகு.

எல்லாரும் போனதும் விளை வழியாக இரண்டு பேரும் நடந்தோம். மரச்சீனிச் செடி மூட்டில் புதிதாகப் பன்றி தோண்டிய குழிகள். அப்பா அவற்றைப் பார்க்காமல் நடந்தார். அப்போது சொன்னேன். நின்று, முழுவதும். மே மாதம், பதினொரு கயிறு, 27 எட்டு, ஞானதாஸ் அண்ணனிடம் சொல்ல வைத்திருந்த தமாஷ். மெஷினையும் சொன்னேன், வேண்டுமென்றே மோசமானதைக் காட்டினேன் என்று.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடினேன்.

தலையில் கை வந்து விழுந்தது. மெதுவாக.

"மக்கா, அப்பனுக்க பழியை நீ ஏக்காண்டாம்."

"இல்லப்பா, சத்தியமாட்டு நான்தான்."

"எட்டி, அந்த முடிச்சு எனக்க முடிச்சு. சுட்டதுக்கு மறுநாளே போய்த் தொட்டுப் பாத்தேன். நீ கெட்டுனா ரெண்டு நாளு நிக்குமா?"

"நீங்க ஆட்டுக்கு முடிச்சு போடச் சொல்லித் தந்ததுதானே. அதேதான் போட்டேன்."

"போதும், வா." முன்னால் நடந்தார். "தமாஷ் மட்டும்தான் உனக்குத் தெரியும்னு நினைச்சிருந்தேன்."

வீட்டில் நுழைந்ததும் அம்மாவிடம் எல்லாம் சொன்னார். கேஸ், துப்பாக்கி, பதினெட்டு மீட்டர். கடைசியில் என்னையும். "எனக்க பழியையாக்கும் தலையில தூக்கி வச்சுக்கிட்டு வாறா. எட்டு எண்ணுன கணக்கு வரை உண்டாக்கி வச்சிருக்கா."

நான் மழை என்றால் முற்றத்தில் இறங்கிப் பார்க்கிற அம்மா, என் ஒரு வார்த்தையையும் நம்பாத அம்மா, மீன்குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவி, அப்பாவுக்கு என்று வைத்திருந்த சூரையின் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"அம்மா, நான்தான் மாத்திக் கெட்டுனேன். நீயாவது நம்பு."

"செரி பிள்ளே. ஆறுகதுக்கு முன்னே தின்னு."

அப்பாவும் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து இந்தப் பக்கம் நகர்த்தினார்.

தின்றேன்.