கோரைப் பள்ளத்தை மூடிய வருடம்

1962 ஜூலை 2, திங்கள்

விடியும்போதே சாரல். மலை தெரியவில்லை. குடையில் ஒரு கம்பி போச்சு. தென்காசி போகும்போது மாட்டணும்.

சாக்கடை சுத்தம் பண்ணுகிற கல் படுகையிலிருந்து இறங்கும் தண்ணீரைச் சோதித்தேன். அமோனியா துளி கூட இல்லை. குற்றாலத்துப் பங்களாக்கள் எல்லாம் நிரம்பி வழிகிற சீசன், அத்தனை சாக்கடையும் நம் கல் படுகை மேல்தான் சொட்டி இறங்குகிறது, இருந்தும் இல்லை. கல்லில் பிடித்த வழவழப்பில் இருக்கிற கிருமிகள் காற்றை வாங்கிக்கொண்டு அமோனியா முழுவதையும் நைட்ரேட் ஆக்கிவிடுகின்றன. கெமிஸ்ட் வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி எண் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து மனைவி கோமுவிடம் சொன்னேன். "சாக்கடை நல்லாருக்குன்னு இப்படிச் சிரிக்கிற மனுசனை இப்பத்தான் பாக்கேன்" என்றாள்.

முத்தையா (படுகை பார்க்கிறவன்) மறுபடியும் அதே பேச்சு. கோரைப் பள்ளத்தை மூடியிருக்கக் கூடாதாம். படுகைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் கிடந்த பள்ளம். கறுப்புச் சேறு, கோரை, நாற்றம். பங்குனியில் பெரிய அதிகாரி பார்க்க வருகிறார் என்று நான்தான் மண் அடிக்கச் சொல்லி, படுகைத் தண்ணீரை நேராக வாய்க்காலில் விட்டேன். அதிகாரி தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"அது சும்மா கெடக்கல சார். உலை வச்ச மாதிரி குமிழ் விட்டுக்கிட்டே கெடந்துச்சு. என்னமோ செஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"நாறிக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.

ஜூலை 3, செவ்வாய்

ஆவுடையம்மாள் வந்தாள். வாய்க்கால் ஓரத்து ஓட்டு வீடு. புருஷன் சுப்பையா பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிள்ளை, இரண்டு மாசம்தான். பால் வற்றிவிட்டதாம், பால் பவுடர் கரைத்துக் கொடுக்கச் சொல்லி நர்ஸ் சொன்னாளாம்.

"வாய்க்காப் பக்கத்துக் கெணறாச்சே அண்ணாச்சி, பிள்ளைக்குக் குடுக்கலாமா? நீங்க தண்ணி படிச்சவுகன்னு சொல்லுதாங்க."

ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். கூட வந்த மாமியார் வாசலில் நின்றபடியே சத்தம்: "எட்டுப் பெத்தேன், ஒண்ணுக்காவது டப்பாப் பால் குடுத்தேனா? இவளுக்குப் பால் குடுக்கவும் துப்பில்ல."

ஆவுடை காதில் விழாத மாதிரி நின்றாள்.

ஜூலை 5, வியாழன்

கிணற்றுத் தண்ணீர்: அமோனியா இல்லை. கலங்கல் இல்லை. நைட்ரேட் சோதனையில் மஞ்சள் நன்றாக ஏறியது, படுகைத் தண்ணீர் அளவுக்கே. குறித்துக்கொண்டேன்.

ஆவுடையிடம் சொன்னேன்: "தங்கமான தண்ணி. கொதிக்க வச்சு ஆத்திக் குடு."

கும்பிட்டாள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

வாங்க வேண்டியது: குடைக்கம்பி, கோமுவுக்கு ஊசி நூல், கண்ணாடிக் குழாய் இரண்டு.

ஜூலை 8, ஞாயிறு

லீவு. கோமு ஐந்தருவி போகணும் என்றாள். போனோம். கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. இடித்த பாட்டியிடம் கோமு சண்டை போட்டுவிட்டு, பிறகு அவளிடமே எண்ணெய் வாங்கித் தேய்த்துக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் தூங்கினேன்.

ஜூலை 11, புதன்

சாரல் நின்று வெயில். புழுக்கம்.

காலையில் ஆவுடை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உதட்டைச் சுற்றி ஒரு மாதிரி, சாம்பலும் நீலமுமாக. நகமும் அப்படி. அழவில்லை, சோர்ந்து கிடந்தது.

"குளிர்ல நீலம் பாயுதுன்னு அத்த சொல்லுதா. எனக்கு என்னமோ தண்ணிதான் ஒத்துக்கலியோன்னு இருக்கு."

"தண்ணியில ஒண்ணும் இல்லம்மா. நானே பாத்தேன்லா?" என்றேன். அவள் நகரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சந்தேகமா இருந்தா இன்னும் நல்லாக் கொதிக்க விடு, அரை மணி நேரம். கிருமி ஒண்ணு மிஞ்சாது" என்றேன்.

டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. படுகையில் குழாய் அடைப்பு, மனசு அங்கே இருந்தது.

ஜூலை 14, சனி

ஆவுடையின் பிள்ளை போய்விட்டது.

நேற்று மத்தியானம் மாட்டு வண்டியில் தென்காசிக்கு எடுத்துப் போனார்களாம். பிறவியிலேயே இருதயக் கோளாறு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று காலை அடக்கம். போனேன். மாமியார் ஓங்கி அழுதாள். "எம் மவனுக்கு நான் என்ன சொல்லுவேன், தாய்ப்பால் குடுத்திருந்தா பொழச்சிருக்குமே." ஊர்ப் பெண்கள் ஆமாம் என்று தலை ஆட்டினார்கள்.

ஆவுடை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

ஜூலை 16, திங்கள்

குடைக்கம்பி மாட்டத் தென்காசி போனேன். டாக்டர் வீட்டுக் கம்பவுண்டரை டீக்கடையில் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக அவர்:

"பாவம் அண்ணாச்சி, அந்தப் பட்டாளத்துக்காரர் பிள்ளை. ஊசி போட்ட இடத்துல ரத்தம் வந்துச்சு பாருங்க, செவப்பே இல்ல. காப்பிக் கலரு. இருதயக் கோளாறுல இப்படி நான் பாத்ததில்ல."

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். எங்கேயோ படித்திருக்கிறேன். காப்பி நிற ரத்தம்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கொட்டினேன். பழைய பத்திரிகைகள். கிடைத்தது. வெளிநாட்டில் பண்ணை வீடுகளில், கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் கூடினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ரத்தம் கெடும், காற்றைச் சுமக்காது, உடம்பு நீலமாகும். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டும், நைட்ரேட் கூடும்.

ஓரத்தில் என் கையெழுத்தில் பென்சிலால்: "நமக்கு வேண்டியதில்லை."

ஜூலை 17, செவ்வாய்

வாய்க்கால் ஓரக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து அரை மணி கொதிக்க வைத்தேன். ஆவுடைக்குச் சொன்ன மாதிரியே. இரண்டையும் சோதித்தேன். கொதிக்காதது மஞ்சள். கொதித்தது கடும் மஞ்சள்.

இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தேன்.  

போன வருஷ நோட்டைப் புரட்டினேன். பள்ளம் இருந்தபோது, பள்ளத்துக்கு முன்னால் நைட்ரேட் இருக்கும், வாய்க்காலில் இருக்காது. மாதாமாதம் அப்படியே. எழுதியது நான். ஒரு தடவை கூட ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. பங்குனிக்குப் பிறகு இரண்டு இடத்திலும் ஒரே எண். அந்த வாய்க்கால்தான் கிணற்றுக்கு ஊற்று.

வாய்க்கால் ஓரம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன்: கைக்குழந்தைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, கொதிக்க வைத்தாலும் கூடாது. கைக்குழந்தை இருந்தது இன்னும் ஒரே வீட்டில். தாய்ப்பால் குடிக்கிறது. ஆவுடை வீட்டைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூலை 20, வெள்ளி

மூன்று நாளாக இரண்டு பாட்டில். ஒன்றில் படுகைத் தண்ணீர் மட்டும். இன்னொன்றில் அதே தண்ணீரோடு, மண் அடிக்காமல் விட்ட பள்ளத்து மூலையிலிருந்து கறுப்புச் சேறு ஒரு கை. இரண்டுக்கும் இறுக்கமாகத் தக்கை.

சேற்றுப் பாட்டிலில் குமிழ் ஏறிக்கொண்டே இருந்தது. இன்று சோதித்தேன். மஞ்சளே வரவில்லை. மற்றதில் அப்படியே.

ஆக, சேற்றுக்குள் காற்றில்லாமல் கிடக்கிற கிருமிகள் நைட்ரேட்டிலிருந்து மூச்சை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் வெறும் நைட்ரஜன், குமிழாய்க் காற்றோடு காற்றாகப் போய்விடும். பாதி வேலைதான் என் படுகை செய்தது. மீதிப் பாதியைச் செய்த பள்ளத்தை நான் மூடினேன்.

முத்தையாவிடம் காட்டினேன். "நீ சொன்னதுதான் சரி" என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "நான் இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும் சார்" என்றான்.

மேலே கேட்காமலே பள்ளத்தைத் தோண்டச் சொல்லிவிட்டேன். ஆறு ஆள், மண்வெட்டி. அதிகாரி கேட்டால் கேட்கட்டும்.

ஜூலை 21, சனி

கோமுவிடம் எல்லாம் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு: "டாக்டரே இருதயம்னுட்டாரு. யாருக்கும் தெரியாது. நீங்க போய்ச் சொன்னா பிள்ளை வந்துருமா?"

வராது.

"வேல போயிட்டா?"

 கொஞ்சம் கழித்து அவளே, "அந்தக் கெழவி அவளைப் படுத்துத பாட்டை ஆத்தங்கரையில நானே பாத்தேன்" என்றாள்.  சாப்பாடு போட்டாள்.

ஜூலை 22, ஞாயிறு

போனேன். நல்ல மழை. ஆவுடை திண்ணையில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றபடியே சொன்னேன். படுகை, பள்ளம், கிணறு, கொதிக்க வைக்கச் சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

முறத்தைக் கீழே வைத்தாள்.

"அரை மணி நேரம்னு சொன்னீக. நான் ஒரு மணி நேரம் கொதிக்க வச்சேன் அண்ணாச்சி. வெறகு ஈரம். ஊதி ஊதி."

நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எம் பால் இல்லாததுனால இல்லியா?"

"பால் வத்துறது யார் கையில இருக்கு? தப்பு தண்ணியில. தண்ணி நல்லதுன்னு சொன்னவன் நான்."

"இதை எங்க அத்த முன்னால சொல்லுவீகளா?"

உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். கிழவி வந்தாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.  கிழவி கேட்டு முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.  கீழே கிடந்த முறத்தை எடுத்து, மருமகள் விட்ட இடத்திலிருந்து புடைக்க ஆரம்பித்தாள்.

ஆவுடை வாசல் வரை வந்தாள். "பட்டாளத்துல அவுகளுக்கும் எழுதிருங்க. அத்த ஏற்கெனவே ஒரு காயிதம் போட்டுட்டா, என்னையக் குத்தம் சொல்லி. நான் எழுதுனா நம்ப மாட்டாக. பேரு, உத்தியோகம், எல்லாம் போட்டு எழுதுங்க."

முகவரி எழுதிய துண்டுக் காகிதம் கொடுத்தாள்.  நனையாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 23, திங்கள்

மழை விடவில்லை. பள்ளம் பாதி தோண்டியாச்சு, தண்ணீர் நிற்க ஆரம்பித்துவிட்டது. மேலிடத்துக்கும் அறிக்கை எழுதினேன், நடந்தது நடந்தபடி. அது சுலபமாக வந்தது.

சுப்பையாவுக்கு எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்தேன். முகம் தெரியாத ஆள். 'அன்புள்ள' என்று போட்டு அடித்தேன். 'மதிப்பிற்குரிய' போட்டு அதையும் அடித்தேன். நாலு தாள் போச்சு. கடைசியில் விளிப்பே இல்லாமல், "உங்கள் மனைவி பேரில் எந்தக் குற்றமும் இல்லை" என்று ஆரம்பித்தேன். பிறகு வந்துவிட்டது.

மூன்று பக்கம். கையெழுத்து, பெயர், உத்தியோகம்.

சாயங்காலத் தபாலுக்குப் போட்டேன். போட்ட பிறகும் பெட்டி வாயிலிருந்து கையை எடுக்கவில்லை போலிருக்கிறது. பின்னால் நின்றவர், "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுதீகளா?" என்றார்.