பாதி மலையில் இறங்கிவிட்டேன்

அன்பு மகள் திரிஷாவுக்கு அம்மா எழுதுவது. கோம்பையில் நான் நடமாட்டமாக இருக்கிறேன், முழங்கால் வலி மட்டும் கூடவே இருக்கிறது. போட்ஸ்வானாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். தரை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் உன் சின்ன விமானத்தை ஓட்டலாம், மேகத்துக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம் என்றாய். யானை பார்க்க வந்தவர்களை ஏற்றிப் போனவள் மழைமேகத்தைக் கண்டு பாதி வழியில் திரும்பினாய். அவர்கள் கத்தினார்கள், ஓனர் உன்னை இரண்டு வாரமாகப் பறக்க விடவில்லை. பெரிய விமானத்தில் வேலை கேட்க இன்னும் எத்தனையோ மணி நேரம் பறந்து காட்ட வேண்டுமாம். நான் திரும்பினது தப்பாம்மா என்று கேட்டாய்.

எனக்கு வேல்பாண்டி ஞாபகம் வந்துவிட்டது. நீ பயிற்சிக்குப் போன வருஷம் எங்களை ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்கு ஏற்றிப்போன ஜீப் டிரைவர். பத்துப் பேர் போகிற வண்டியில் பதினெட்டுப் பெண்கள். கம்பம்மெட்டு மலை ஏற்றத்தில் ஒருநாள் பனி மூடி ரோடு தெரியவில்லை என்று வண்டியைத் திருப்பினார். கூலி போகிறதே என்று முதலில் கத்தியது நான்தான். “பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குய்யா ஸ்டீரிங்கு, சேலையக் கட்டிக்கிட்டு பின்னால வந்து உக்காரு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்களை வேலைக்குச் சேர்க்கிற கங்காணி மறுநாளே டிரைவரை மாற்றிவிட்டார். தோட்ட முதலாளிக்குக் காய் வந்து சேர வேண்டும், நாங்கள் சேராவிட்டால் வேறு பதினெட்டுப் பேர் கிடைப்பார்கள். அது தெரிந்தும் முதலாளி பக்கம் நின்றுதான் கத்தினோம். புது டிரைவர் எந்தப் பனிக்கும் நிற்பதில்லை. மூன்று வருஷமாக ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், ஒருத்தி வாய் திறப்பதில்லை.

நேற்றும் பனி. நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை. நிறுத்துகிற வரை வண்டித் தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன். நான் இறங்கினதும் நாலு பேராவது கூட இறங்குவார்கள் என்று நினைத்தேன். “மக பிளேன் ஓட்டுறால்ல, அக்காவுக்கு இனி ஜீப்பு ஆகாது” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகிர்தம். வண்டி போய்விட்டது. லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாறையோடு ஒட்டி நின்று, ஒண்டியாக இறங்கி வந்தேன். சாயங்காலம் சுகிர்தமே வந்து, “நாளையிலருந்து வர வேணாம்னு கங்காணி சொல்லிட்டாகக்கா” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

இன்று வீட்டில் இருக்கிறேன். எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள், காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரு மனுஷி இல்லை. வேல்பாண்டி இப்போது கம்பம் டவுனில் தண்ணீர் லாரி ஓட்டுகிறாராம், அவர் முகத்தில் முழிக்க எனக்கு இன்னும் தைரியமில்லை. ஆனால் உனக்குப் பதில் சொல்ல இப்போது முடியும். நீ திரும்பினது தப்பில்லை. மறுபடியும் மேகம் வந்தால் மறுபடியும் திரும்பு. அந்த வேலை போனால் போகட்டும்.

நீ நெடுங்காலம் நன்றாக இருப்பாய் தாயீ, மாரியம்மன் உன் பக்கத்திலேயே இருப்பாள். ஓனர் கூப்பிட்டால் எனக்குச் சொல், கூப்பிடாவிட்டாலும் சொல். எந்த நேரம் என்றாலும் பேசு, நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அம்மா,
ராஜாத்தி