பம்பைப் பிரித்த வாரம்

மார்ச் 4, செவ்வாய்

மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் நேற்று நல்லபடியாக முடிந்தது. மகள் கூட இருக்கிறாள். "நீங்க இருந்தா நர்ஸுக்குத்தான்பா தொந்தரவு" என்று என்னை வீட்டுக்கு விரட்டிவிட்டாள்.

காலையில் வழக்கம்போல் பம்ப் சுவிட்சைப் போட்டேன். இந்த வீட்டில் நான் தவறாமல் செய்கிற ஒரே வேலை. மோட்டார் சத்தம் கேட்டது. பேப்பரை விரித்தேன். குறுக்கெழுத்தில் பாதி தாண்டியபோது கருகல் வாடை. சாதம் தீய்கிறது என்று சமையலறைக்கு ஓடினேன். அங்கே அடுப்பே பற்றவைக்கவில்லை.

மார்ச் 5

பம்பில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற சீல் கருகிவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்கிறார் ஹார்டுவேர் கடைக்காரர். தரைத்தொட்டி ததும்புகிறதே! பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னார். பிளம்பரின் நாளை எனக்குத் தெரியாதா?

புது சீலை நானே மாட்டினேன். படிப்புதான் ஏறவில்லை, ஸ்பானர் ஏறும். முடித்ததும் ஒரு வாஷர் மிச்சம். சுவிட்சைப் போட்டேன் – மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை. சட்டென்று அணைத்தேன். மறுபடி பிரித்து மாட்டினேன். இப்போது இரண்டு வாஷர் மிச்சம்.

மார்ச் 6

தொட்டியிலிருந்து வாளியால் இறைத்துக் குளித்தேன். இடுப்பு போச்சு.

மகளுக்கு போனில் உண்மையைச் சொன்னேன். "அம்மா குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சனிக்கிழமைக்குள்ள குழாயில தண்ணி வரலன்னா நேரா எங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றாள்.

அங்கே போனால் பேரன் லேசில் விடமாட்டான். மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நான் யாரிடம் திட்டு வாங்குவது? இன்று மத்தியானம் மோட்டாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பதில் இல்லை.

மார்ச் 7

மனைவியே போன் செய்தாள்.

"பம்பு மேல ஒரு மூடி இருக்குல்ல, அதத் திறந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்தினீங்களா?"

"எதுக்கு?"

"ஊத்தினாத்தாங்க அது இழுக்கும். நீங்க பல்லு தேய்க்கப் போறப்ப தினமும் நான்தானே ஊத்துறேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். வருஷக்கணக்காம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பம்பைப் பிரிப்பீங்க."

பின்னால் மகள் சிரிப்பது கேட்டது. நர்ஸும் சிரித்தார் போல.

ஊற்றினேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. மிச்ச வாஷர்களைப் பம்ப் கேட்கவே இல்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த மூலையில் குனிந்து நிமிர்வதற்குள் எனக்கே கண்ணில் பூச்சி பறந்தது. அந்த முழங்காலோடு தினமும் குனிந்திருக்கிறாள். நான் நுரையைத் துப்பிவிட்டு வந்து சுவிட்சைத் தட்டி, பெரிய இன்ஜினியர் மாதிரி நின்றிருக்கிறேன்.

சாயங்காலம் தொட்டிக்குள் இருந்த குழாயை உருவினேன். ஏறிய தண்ணீர் கீழே இறங்காமல் பிடிக்கிற ஃபுட் வால்வு அடியில் இருக்கிறது. அதன் ரப்பர் கிழிந்து தொங்கியது; அதனால்தான் தினமும் ஊற்ற வேண்டியிருந்திருக்கிறது. புதிது மாட்டினேன். இந்த முறை எதுவும் மிஞ்சவில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

வந்துவிட்டாள். மகள் முதலில் குழாயைத் திறந்து பார்த்தாள், பிறகுதான் பெட்டியை உள்ளே வைத்தாள்.

மார்ச் 9

காலையில் சுவிட்சைப் போடப் போனேன். கட்டிலிலிருந்து குரல்: "ஊத்தினீங்களா?"

"இல்ல. இனிமே வேண்டாம்."

நம்பவில்லை. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "பாத்ரூம் தாழ்ப்பாளும் விழறதில்ல. ரொம்ப நாளா கயிறு போட்டுத்தான் கட்டுறேன்" என்றாள்.

ஸ்குரூ டிரைவரை எடுக்க எழுந்தேன்.

"முதல்ல சொல்றத முழுசாக் கேளுங்க."

உட்கார்ந்தேன்.