தலைவரைப் படம் எடுப்பவர்

1986 பெப்ரவரி 4, செவ்வாய்

வேலை முடிந்து லின் வீட்டுக்குப் போனேன். தையல் ஃபக்டரியில் எனக்குப் பக்கத்து மெஷினில் இருக்கிற சீனப் பெண். ஸ்பாடினாத் தெருச் சீனக் கடையில் பெய்ஜிங் செய்தி வீடியோக் கசெற் ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தாள். தனியே பார்க்கப் பயமாம்.

முதல் கால்மணி நேரமும் சீனத் தலைவர்தான். கை கொடுக்கிறார், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அவருடைய வாய் அசைகிறது, குரல் கேட்கவில்லை. செய்தி வாசிப்பவள்தான் அவருக்காகப் பேசுகிறாள். எனக்கு நித்திரை தூங்கியது. லின் கண் வெட்டவில்லை. நாலு வருடமாக இந்தச் செய்திக்குத் தலைவரைப் படம் எடுப்பது அவளுடைய அண்ணன். தலைவர் உயரமாய்த் தெரிய வேண்டுமென்று எப்போதும் குந்தியிருந்துதான் எடுப்பாராம்.

இன்றைக்குத் தலைவர் கட்டையாகத் தெரிந்தார்.

“இது அண்ணன் எடுத்ததில்லை,” என்றாள். அண்ணனின் கடிதம் வந்தே மூன்று மாதமாம்.

லீவில் நிற்பார் என்று சொன்னேன். தலையாட்டினாள். எனக்காகத்தான் ஆட்டினாள். பிறகு கசெற்றை முதலிலிருந்து ஓடவிட்டாள். மூன்று தரம் பார்த்தோம். அண்ணனைப் பற்றி மேலே எதையும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வீட்டில் இவர் சாப்பிடாமல் காத்திருந்தார்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“லின் வீட்டில சீன நியூஸ் பாத்தனான்.”

“என்னவாம்?”

“தலைவர் சுகமாய் இருக்கிறாராம்.”

இவர் சிரித்தார். விளங்கப்படுத்த எனக்குத் தெம்பு இருக்கவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.